ஓரங்குலப் படைவீரர்

மேசையின்மீது சிறு படைவீரர்களை அணிவகுத்து நிறுத்திப் போர் விளையாடும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. அவ்வீரர்கள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே இருப்பர். அவர்களை வார்ப்பதும், அரத்தால் தேய்த்துச் செம்மை செய்வதும், வண்ணம் தீட்டுவதும் விளையாட்டைக் காட்டிலும் நெடிய வேலை. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் போருக்காக மாதக் கணக்கில் தூரிகை பிடிப்போர் பலர் உளர். "வளர்ந்தவர்களுக்கு இது தகுமா?" என்று இதைக் கேட்டு நகைப்பவர்களும் உளர். அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயினும், ஒரு மனிதனை ஓர் அங்குலத்திற்குள் அடக்க முயல்பவன் பௌதிகத்தையும் வடிவ கணிதத்தையும் வரலாற்றையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு பொருளைச் சிறிதாக்கும்போது எது தானே சிறிதாகிறது, எது சிறிதாக மறுக்கிறது, எதை நாமே விட்டுவிட வேண்டியிருக்கிறது என்னும் வினாவை மாணவர்களாகிய உங்கள்முன் வைக்கவே இப்பேச்சை எடுத்துக்கொண்டேன்.

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. பாரசீகத்தின் வழியாகவும் அராபியரின் வழியாகவும் அது ஐரோப்பாவை அடைந்தது. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்தைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் 1780ஆம் ஆண்டில் அச்சதுரங்கப் பலகையை விரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களாக்கி, ஆறு, காடு, குன்று எல்லாவற்றையும் அதில் அமைத்தார். மாணவர்களுக்குப் போர்முறை கற்பிப்பதற்கு அது உதவும் என்பது அவர் கருத்து. பிறகு பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களையே நீக்கிவிட்டார். 1812ஆம் ஆண்டில் அவர் தம் அரசருக்கு அளித்த அழகிய விளையாட்டு மேசை பெர்லினில் சார்லட்டன்பர்க் அரண்மனையில் காக்கப்பட்டு வந்திருக்கிறது. அவருடைய மகன் 1824ஆம் ஆண்டில் இவ்விளையாட்டைத் திருத்தி, விதிகளை நூலாக வெளியிட்டார். களம் 8,000-இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட நிலப்படம். படைகள் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். நற்பேற்றைக் காட்டப் பகடை. தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவராயிருந்த மியூப்ளிங் இதைப் பார்வையிட்டுத் தம் படையினருக்குப் பரிந்துரை செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரைஸ்விட்ஸின் கட்டைகளுக்கு முகம் இல்லை, தொப்பி இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் ஒரு படைப்பிரிவு தரையில் எத்தனை கெஜம் இடத்தை அடைக்குமோ, அதே அளவை அக்கட்டை நிலப்படத்தில் அடைத்தது. தோற்றம் முழுவதையும் கைவிட்டு, அளவில் உண்மையைக் காத்துக்கொண்ட முறை அது.

முகமும் தொப்பியும் உடைய வீரன் வேறு வழியாக வந்தான். அவன் பிறந்தது குழந்தைகளின் விளையாட்டறையில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூரம்பர்க் நகரத்தில் ஹில்பர்ட் என்னும் வெள்ளீயத் தொழிலாளர் குடும்பத்தார் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றனர். சிலேட்டுக் கல்லில் உருவத்தைத் தலைகீழாகச் செதுக்குவர். இரு கற்களைப் பொருத்தி, இடையே உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். வெளிவரும் வீரன் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்பாக இருப்பான். பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு; முன்னின்று பார்த்தால் முழு மனிதன். நூரம்பர்க்கில் 1839இல் தொழில் தொடங்கிய ஹைன்ரிக்ஸன் வகுத்த ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அளவே பிற்காலத்தில் இத்தட்டை வீரர்களுக்குப் பொது அளவாயிற்று. ஜெர்மனியின் குல்ம்பாக் நகரக் கோட்டையில் இவற்றுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. தடிப்பில்லாத இவ்வுருவத்துக்கு மார்பின் திரட்சியையும் குதிரை வயிற்றின் உருண்டையையும் தந்தது தூரிகை ஒன்றே. ஒளி படும் பக்கத்தில் வெளிர் நிறமும் மறுபக்கத்தில் கருநிறமும் இட்டுத் தட்டையை உருண்டையாக்கினர். பின்வந்த கலைஞர்கள் தம் பாடத்தை இங்கேதான் கற்றார்கள் என்பது என் கருத்து.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893இல் ஒரு புதுமை செய்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சைத் தொட்ட பகுதி இறுகியவுடன் நடுவிலுள்ள இறுகாத உலோகத்தை வெளியே கவிழ்த்துவிட்டார். உள்ளே கூடான வீரன் கிடைத்தான், உலோகம் மிச்சப்பட்டது, விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர்களின் கைக்கும் படைகள் எட்டின. இதற்கு முன்பே, 1880ஐ ஒட்டிய குளிர்காலங்களில், நோயுற்று ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்த நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனோடு மச்சறையின் தரையில் ஈய வீரர்களை நிறுத்திப் போர் விளையாடினார். எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் "சிறு போர்கள்" என்னும் பொருள்படும் தலைப்பிட்டு இவ்விளையாட்டுக்கு விதிநூலே எழுதினார். சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக் குச்சிகளை எய்து வீரர்களை வீழ்த்துவது அவர் முறை. நூலின் முடிவில், மெய்யான போர் என்பது எத்துணை அறிவற்ற செயல் என்பதை இச்சிறு போரை ஆடிப் பார்ப்போர் உணர்வர் என்று அவர் வாதிக்கிறார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைகளால் போர் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. பொம்மைகளால் போர் வளர்கிறது என்போரையும் நம்பவில்லை. படைத்தலைமையகத்தார் முகமற்ற கட்டைகளைக் கொண்டே போரைப் பயின்றார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எஞ்சிய வரலாற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் 1959 முதல் மலிவான பிளாஸ்டிக் வீரர்களை வெளியிட்டது. 1962இல் டொனால்டு பெதர்ஸ்டோன் எழுதிய நூல் பெரியவர்களிடையே இவ்விளையாட்டைப் பரப்பியது. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈய வீரர்களை வார்ப்பதை நிறுத்திற்று; ஈயம் நஞ்சு என்பதால் விளையாட்டுப் பொருள்களுக்கான சட்டங்கள் இறுகியதே காரணம். 1983இல் வெளிவந்த வார்ஹாமர் என்னும் விளையாட்டு, வரலாற்று வீரர்களோடு கற்பனை உலகத்து அரக்கர்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் ஈயம் கலவாத வெண்ணுலோகத்திலும் கடின பிளாஸ்டிக்கிலும் உருவங்கள் வருகின்றன. பழைய ஈய வீரர்கள் எவரிடமேனும் கிடைத்தால், தொட்டபின் கையைக் கழுவுங்கள். அவற்றை ஓக் மரப் பெட்டியில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அம்மரத்திலிருந்து எழும் அமில ஆவி பட்டு ஈயம் வெண்பொடியாக உதிர்ந்துபோகும்.

இனி வேலைக்கு வருவோம். ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தில் பணி புரியும் என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய வெண்ணுலோக வீரர்களைக் கொண்டு நான் இக்கலையைப் பயின்றேன். 28 மில்லிமீட்டர் உயரமுடைய நெப்போலியன் காலத்துக் காலாட்கள் அவர்கள். ஆசிரியராக இருந்தவனுக்குக் கணக்கைப் போடாமல் மேலே செல்ல மனம் வருவதில்லை. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 28 மில்லிமீட்டர் ஆனால், சுருக்கம் ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. அப்படியானால் அவனுடைய மேற்பரப்பு 3,600-இல் ஒரு பங்கு. கன அளவு 2,16,000-இல் ஒரு பங்கு. கைக்கெட்டும் தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில், அவனை வைத்துப் பார்ப்பது மெய்யான மனிதனை 36 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்ப்பதற்குச் சமம்.

இவ்வொரு கணக்கிலிருந்து பல செய்திகள் பிறக்கின்றன. 36 மீட்டர் தொலைவில் உள்ளவனது உடுப்பில் நீங்கள் என்ன காண்பீர்கள்? நல்ல கண் பார்வையுடையவரும் அத்தொலைவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்தறிய இயலாது. பொத்தான்கள் வெறும் புள்ளிகளாகத் தோன்றும். கண்ணின் வெண்மையும் கருமையும் தனித்தனியே தெரிவது அரிது. புருவத்தின் கீழ் ஒரு நிழல் தெரியும், அவ்வளவே. ஆகவே, கண்ணின் மணியைத் தீட்டாமல் நிழலை மட்டும் இட்டு நிறுத்துவதே உண்மைக்கு அணுக்கமானது என்பது ஒரு சாரார் கொள்கை. மற்றொரு சாரார் அரை மில்லிமீட்டர் கண்ணுக்குள் வெள்ளையும் கறுப்பும் இட்டு, "முகம் இல்லாத வீரனை யார் நேசிப்பார்?" என்று கேட்கின்றனர். படை முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் விளையாட்டு மேசைக்கு முன்னவர் வழியும், தனி உருவத்தைக் கையிலெடுத்துப் பார்க்கும் கண்காட்சிக்குப் பின்னவர் வழியும் பொருந்தும். நான் முன்னவர் பக்கம்.

அடுத்து, துப்பாக்கி. கட்டையோடு கூடிய அதன் தடிப்பு மூன்று சென்டிமீட்டர் என்று கொண்டால், 60-இல் ஒரு பங்கு அரை மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய உலோகக் கம்பி தொட்டவுடன் வளையும். வார்க்கும்போது உருகிய உலோகம் அக்குறுகிய வழியில் முழுதும் ஓடி நிரம்புவதும் கடினம். ஆதலால் சிற்பி துப்பாக்கியைத் தடிப்பாக்குகிறான். துப்பாக்கி தடித்தால் அதைப் பிடிக்கும் கை பெரிதாகவேண்டும். கை பெரிதானால் தலையும் சற்றுப் பெரிதாக வேண்டும். இல்லையேல் கண்ணை உறுத்தும். இவ்வாறு ஓர் அளவு மீறப்பட்டால் அது பல அளவுகளை இழுத்துக்கொண்டு போகிறது. கடையில் வாங்கும் வீரன் எவனையும் அளவுகோல் கொண்டு அளந்தால், தலையும் கையும் இயற்கையினும் பெரியனவாக இருக்கக் காண்பீர்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது அதுவே இயல்பாகத் தோன்றுகிறது.

மூல உருவம் செய்யும் சிற்பி, வளைத்த கம்பியை எலும்பாகக் கொண்டு, அதன்மேல் ஒரு களியை அப்பி உடல் அமைக்கிறான். நீலமும் மஞ்சளுமான இரு கூறுகளைப் பிசைந்தால் பச்சையாகும் எபாக்ஸிக் களி அது. சில மணி நேரத்தில் இறுகிவிடும். கருவியின் நுனியை நீரில் நனைத்துக்கொண்டால் களி ஒட்டாது. முதலில் உடல், அது இறுகிய பின் சட்டை, அதுவும் இறுகிய பின் வார், பை, தொப்பி என்று மெய்யான மனிதன் உடுத்தும் வரிசையிலேயே உருவமும் உடுத்திக்கொள்கிறது. மூல உருவத்தை ரப்பர் வட்டுகளின் இடையே வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்செடுப்பர். அவ்வட்டைச் சுழலவிட்டு நடுவில் உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் வேகத்தால் உலோகம் விரல் நுனிவரை பாய்கிறது. ஒரே வகை வீரர்களை வாங்கியவர்கள் இதே களியைக் கொண்டு ஒருவனுக்குத் தலைக்கட்டும், மற்றொருவனுக்குக் கழுத்துத் துணியும் சேர்த்து வேறுபடுத்துவதும் உண்டு.

அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு எழுந்து நிற்கும். அதை அரத்தாலும் கத்தியின் முதுகாலும் தேய்த்து நீக்க வேண்டும். பின்பு சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சில் தூவிய பொடியும் கையின் எண்ணெயும் வண்ணத்தை ஒட்டவொட்டா. உலர்ந்த பின் அடிப்பூச்சு. கொலுவுக்கு மண் பொம்மை செய்வோர் வண்ணம் தீட்டுமுன் வெள்ளைப் பூச்சுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவந்தான். ஏர்பிக்ஸின் பழைய வீரர்களில் இத்தத்துவம் தோற்றது. அவர்கள் செய்யப்பட்ட பாலிதீன் மெழுகுபோன்ற பரப்புடையது. அதில் எதுவும் எளிதில் ஒட்டாது. மேலும், வீரனின் துப்பாக்கி வளையும், மேலேயுள்ள வண்ண ஏடு வளையாது. விளைவு, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. இன்றைய கடின பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் ஆகும். அதில் இத்தொல்லை இல்லை.

வண்ணத்தை எப்போதும் நீர்த்தே பயன்படுத்த வேண்டும். இங்கும் கணக்கு உதவுகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக வண்ணத்தை அப்பினால், 60 மடங்கில் அது ஆறு மில்லிமீட்டர். வீரனுக்கு ஒரு கம்பளத்தைப் போர்த்தியதற்கு ஒப்பாகும். உடுப்பின் மடிப்புகளும் பொத்தான்களும் அதனடியில் புதைந்துபோம். பால்போல் நீர்த்த வண்ணத்தை இரண்டு முறை இடுவதே சிறந்தது.

தூரிகையைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சிறிய வேலைக்கு மிகச் சிறிய தூரிகை வேண்டும் என்று கருதி, நாலைந்து மயிர்களே உள்ள தூரிகையை வாங்குகின்றனர். அதில் தங்கும் வண்ணம் மிகக் குறைவு. தட்டிலிருந்து உருவத்திற்குக் கொண்டுசெல்வதற்குள் அது உலர்ந்துவிடுகிறது. வயிறு பருத்து நுனி கூர்த்த நடுத்தரத் தூரிகையே நல்லது. வயிறு வண்ணத்தைச் சேமித்து வைக்கிறது. நுனி கோட்டை இழுக்கிறது. கோலின்ஸ்கி என்னும் கீரியொத்த விலங்கின் வால் மயிரால் செய்த தூரிகைகள் இதற்குப் புகழ்பெற்றவை. விலை மிகுதி. மாணவர்கள் செயற்கை மயிர்த் தூரிகையில் தொடங்கலாம்.

இனி ஒளியைப் பற்றி. சிற்றுருவம் தீட்டுவோர், உருவம் சிறிதாகலாம், ஒளி சிறிதாகாது, ஆதலால் நிழலை நாமே தீட்ட வேண்டும் என்று சொல்வது வழக்கம். செயல் சரியானது; காரணம் முழுவதும் சரியன்று. வடிவ கணிதப்படி, ஒரே திசையிலிருந்து ஒளி வந்தால், சிறிய உருவத்தின் நிழல் பெரிய உருவத்தின் நிழலுக்கு ஒத்த வடிவிலேயே விழும். பின் ஏன் நம் வீரன் மேசைமேல் சப்பென்று தோன்றுகிறான்? போர்க்களத்து வீரன் ஒரே ஞாயிற்றின் கீழ் நிற்கிறான். மேசைமேல் உள்ளவனோ விளக்கும் வெள்ளைச் சுவரும் கூரையும் சாளரமும் பல திசைகளிலிருந்து அனுப்பும் ஒளியில் நிற்கிறான். ஒன்று இடும் நிழலை மற்றொன்று அழிக்கிறது. அன்றியும், வார்ப்பில் மடிப்புகள் இயற்கையைவிட ஆழம் குறைந்தே வருகின்றன. இல்லாத ஞாயிற்றைத் தூரிகையால் வரவழைப்பதுதான் நாம் செய்வது. நூரம்பர்க்கின் தட்டை வீரர்களில் கண்டதும் இதுவே.

உண்மையிலேயே சிறிதாக மறுப்பது நீர். நீர்ப்பரப்பின் இழுவிசை பேருருவத்தில் நமக்குத் தெரிவதில்லை; ஓர் அங்குல உருவத்தில் அதுவே அரசன். கெட்ட வேலைக்காரனுக்கு அது பகை: துளி துளியாகத் திரண்டு, வேண்டாத இடத்தில் தேங்கும். நல்ல வேலைக்காரனுக்கு அது துணை: மிகவும் நீர்த்த கருமையான வண்ணத்தை உருவம் முழுவதும் பூசினால், அது மேடுகளை விட்டு இழிந்து பள்ளங்களில் தானே சென்று தங்கும். மடிப்புகளுக்குள் நிழல் வந்துவிடும். அடுத்து இதன் மறுதலை. வெளிர் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, ஏறக்குறைய முழுவதும் துணியில் துடைத்துவிட்டு, உருவத்தின்மீது இலேசாக வருடினால் மேடுகளில் மட்டும் நிறம் பற்றும். பள்ளத்தில் நீர் வேலை செய்கிறது. மேட்டில் உலர்ந்த தூரிகை வேலை செய்கிறது. கம்பளிக்கும் குதிரைப் பிடரிக்கும் இம்முறை மிகப் பொருந்தும். வழுவழுப்பான தோலுக்குப் பொருந்தாது. அங்கே பொறுமையாக ஒரு நிறத்தின்மேல் சற்றே வெளிறிய மற்றொரு நிறமாக அடுக்கிச் செல்ல வேண்டும்.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பிரஷ்ய வீரர்களின் கருநீல உடுப்பை, மெய்யான துணியின் நிறத்தையே கலந்து தீட்டினால், மேசைமேல் அது கறுப்பாகத் தோன்றும். தொலைவிலுள்ள பொருள்கள் காற்றின் ஊடே சற்று வெளிறித் தோன்றுவதையும் நம் கண் எதிர்பார்க்கிறது. ஆதலால் நிறத்தை ஒருபடி வெளிறச் செய்யவேண்டும். உண்மையான நிறத்தை இட்டால் பொய்யாகத் தெரிகிறது; பொய்யான நிறத்தை இட்டால் மெய்யாகத் தெரிகிறது. ஆங்கிலப் படையின் சிவப்பும் ஒரே சிவப்பன்று. சாதாரண வீரரின் சட்டை மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரால் தோய்த்த மங்கிய செங்கல் நிறம். அதிகாரியின் சட்டை கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த ஒளிவிடும் செந்நிறம். சாயத்தின் விலையே பதவியைக் காட்டிற்று. இதை அறிந்து தீட்டியவனுடைய படையில், அதிகாரி எங்கே நிற்கிறான் என்று எவரும் சொல்லாமலே கண் கண்டுகொள்ளும். கடைசியாகப் பூசும் வார்னிஷ் மினுமினுப்பாக இருத்தலாகாது. விளக்கின் ஒளிப்புள்ளி தோளில் தெறித்தவுடன் வீரன் மறைந்து பொம்மை வெளிப்பட்டுவிடுவான்.

இதுவரை சொன்ன மீறல்கள் அனைத்தும் கண்ணுக்கு உண்மையைக் காட்டவே செய்யப்படுபவை. தலை பெரிதாயிற்று, நீலம் வெளிறிற்று, கண்மணி விடுபட்டது, பார்ப்பவன் ஏமாறவில்லை. ஆனால் சிற்றுருவங்களை ஒரு களத்தில் நிறுத்தியவுடன் வேறுவகைக் கேள்வி எழுகிறது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னவர் இங்கே நின்றார் என்று ஒவ்வொரு வீரனும் சாட்சி சொல்லத் தொடங்குகிறான். அச்சாட்சியால் வந்த துன்பத்துக்கு வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் வரலாறே சான்று.

நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூப் போர் 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நிகழ்ந்தது. வெலிங்டன் பிரபுவின் தலைமையில் ஆங்கிலேயரும் அவர்தம் நேசப் படையினரும் பகல் முழுவதும் நின்று தாங்கினர். பிற்பகலில் புளூச்சரின் தலைமையில் பிரஷ்யப் படை கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. அன்று ஒரே நாளில் 40,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அப்போரின் மாதிரி ஒன்றை அமைக்குமாறு 1830இல் சைபோர்னுக்குப் பணி தரப்பட்டது. அவர் அப்போரில் கலந்துகொண்டவர் அல்லர். களத்தின் நடுவிலுள்ள லாஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். பிறகு, உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு, பிரெஞ்சுப் பேரரசரின் மெய்க்காப்புப் படை இறுதியாகத் தாக்கிய நேரத்தில், உங்கள் பிரிவு எங்கே நின்றது, எவ்வணியில் நின்றது, எதிரே யார் இருந்தனர், சுற்றிலும் என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம் கேட்டார். நூற்றுக்கணக்கான விடைகள் வந்தன. ஒரு போரைப் பற்றி அதில் நின்றவர்களிடமே இவ்வளவு விரிவாகக் கேட்டவர் அவருக்குமுன் இல்லை எனலாம். பிரஷ்யத் தலைமையகத்திலிருந்தும் அவர் செய்தி பெற்றார்.

1833இல் அரசாங்கம் பணம் கொடுக்க மறுத்துவிட்டது. சைபோர்ன் தம் பணத்தையும் கடன் பணத்தையும் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் மாதிரி முடிவடைந்தது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்பது அதன் தரை அளவு. அதாவது 587-இல் ஒரு பங்கு. அந்த அளவில் மனிதன் மூன்று மில்லிமீட்டரே இருப்பான். எறும்புக் கூட்டமாகத் தோன்றும். ஆகவே சைபோர்ன் வீரர்களை மட்டும் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டராக உயர்த்தினார். தரைக்கு ஓர் அளவு, மனிதனுக்கு மற்றோர் அளவு என்னும் இவ்வேற்பாட்டை இன்றைய போர் விளையாட்டுக்காரர் பலர் கைக்கொள்கின்றனர். 70,000-க்கு மேற்பட்ட வெள்ளீய வீரர்கள் அதில் நின்றனர். துப்பாக்கிப் புகைக்குப் பஞ்சுபோன்ற பொருளை வைத்தார். லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தனர். ஆயினும் சைபோர்னின் கடன் தீரவில்லை.

சிக்கல் பிரஷ்யர்களிடத்தில் எழுந்தது. மாலை ஏழு மணிக்கு அவர்கள் களத்தில் வெகுதூரம் முன்னேறி, நெப்போலியனின் பக்கவாட்டைத் தாக்கிக்கொண்டிருந்ததாக மாதிரி காட்டிற்று. போருக்கு மறுநாள் எழுதிய அறிக்கையில் வெலிங்டனே பிரஷ்யரின் உதவியை மனமாரப் பாராட்டியிருந்தார். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, இறுதித் தாக்குதலை முறியடித்தது ஆங்கிலப் படையே, பிரஷ்யரின் பங்கு அதற்குப் பின்னரே பெரிதாயிற்று என்னும் கூற்று வேரூன்றியிருந்தது. மாதிரியைக் கண்ட எவனுக்கும் வேறொரு கதை தெரிந்தது. நூலில் ஒரு வாக்கியத்தை வளைத்துச் சொல்லலாம். "பெரும்பாலும்", "ஏறக்குறைய" என்று இடம் விட்டுச் சொல்லலாம். வெள்ளீய வீரனுக்கு அவ்வசதி இல்லை. அவன் அங்கே நிற்கிறான், அல்லது நிற்கவில்லை.

வெலிங்டனைச் சூழ்ந்திருந்தோரின் எதிர்ப்பு வலுத்தது. மாதிரியை எவரேனும் வாங்கினால்தான் கடன் தீரும் என்ற நிலையில் சைபோர்ன் இருந்தார். முடிவில், தாம் பெற்ற செய்தி பிழையானது என்று சொல்லி, பிரஷ்யப் படையைக் குறித்த வீரர்களில் பெரும் பகுதியை அவர் மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார். எடுக்கப்பட்டவர்கள் அளவுக்கு ஒவ்வாதவர்களோ நிறம் தவறியவர்களோ அல்லர். அவர் உண்மையிலேயே மனம் மாறினாரா, வறுமையால் பணிந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எந்த நேரத்தில் எத்தனை பிரஷ்யர் வந்திருந்தனர் என்பதிலும் வாதம் ஓயவில்லை. என் மனத்தைத் தொடுவது வேறொன்று. அவர் திரட்டிய கடிதங்களை அவர் அழிக்கவில்லை. அவற்றில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891இல் நூலாக வெளியிட்டார். எந்தச் சாட்சிகளை வைத்து முதலில் வீரர்களை நிறுத்தினாரோ அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, எவரும் படிக்கலாம். மாதிரி அதே நகரத்தில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சைபோர்ன் 1849இல் காலமானார். அதற்கு முன்பு வாட்டர்லூவைப் பற்றியே இரண்டாவது மாதிரி ஒன்றையும் அமைத்தார். அது சிறிய பரப்பைப் பெரிய அளவில் காட்டுவது. வீரர்களும் முன்னையினும் பெரியவர்கள். ஆங்கிலக் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படையின்மீது பாய்ந்த பிற்பகல் இரண்டு மணி அளவிலான காட்சியை அதற்கு அவர் தேர்ந்துகொண்டார். அந்த நேரத்தில் பிரஷ்யர் இன்னும் களத்துக்கு வந்து சேரவில்லை.